வழிப்போக்கராய் வரும் இறைவன்

அன்னை முத்துமாரியின் திருவருளை முன்னிட்டு வணங்கும் அடியார்களுக்கு நடை என்பது புதியதன்று. நம் சமயமே நடந்து வளர்ந்த சமயம். சமயகுரவர்கள் தலந்தோறும் நடந்தார்கள். காவடி எடுப்போர் நடக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை வாரக்கணக்கில் பாதயாத்திரை செல்வோர் இன்றும் நடக்கிறார்கள். கடவுளைக் காண நடக்கும் பெருமையைப் பற்றிப் பல மலர்களில் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடப்பவருக்கு வழியில் ஒரு குவளை தண்ணீர் தருகிறாரே, அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. யாத்திரையின் பலன் நடந்தவருக்கு மட்டும் உரியதா? வாசலில் நின்று தண்ணீர் கொடுத்தவருக்கும் அதில் பங்கில்லையா? இந்தக் கேள்வியைக் கண்டி மலைநாட்டு அடியார்கள் சிந்திக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது இறுதியில் விளங்கும்.

அப்பூதியடிகளின் தண்ணீர்ப் பந்தல்

பெரிய புராணத்தில் வரும் அப்பூதியடிகளை அறியாத சைவர் இல்லை. சோழநாட்டில் திங்களூர் என்னும் ஊரில் வாழ்ந்தவர். திருநாவுக்கரசு சுவாமிகளை அவர் கண்ணால் கண்டதில்லை. அவருடைய பெருமையைக் காதால் கேட்டதே உண்டு. அந்த அன்பு மிகுதியால் தம் பிள்ளைகளுக்கும், வீட்டுப் பசுக்களுக்கும், அளக்கும் படிக்கும் கூடத் திருநாவுக்கரசு என்றே பெயர் வைத்தார். அதோடு நின்றாரா? இல்லை. வெயிலில் நடந்து வருவோர் இளைப்பாறப் பெரிய தண்ணீர்ப் பந்தல் ஒன்றை வழியோரத்தில் அமைத்து, அதற்கும் அந்தப் பெயரையே சூட்டினார்.

ஒருநாள் திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்பழனத்தை வணங்கிவிட்டு அந்த வழியாக நடந்து வந்தார். குளிர்ந்த பந்தலையும் நிறைந்த நீரையும் கண்டார். எங்கும் தம் பெயர் எழுதப்பட்டிருப்பதையும் கண்டார். வியந்து, இதனை அமைத்தவர் யார் என்று கேட்டு, அப்பூதியடிகளின் இல்லம் தேடிச் சென்றார். உம்முடைய பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்த காரணம் என்ன என்று வினவினார். வந்தவர் யார் என்று அறியாத அப்பூதியடிகள் மனம் வெகுண்டார். திருநாவுக்கரசரின் பெருமையை அறியாமல் பேசும் நீர் யார் என்று கேட்டார். அப்போதுதான் சுவாமிகள், சூலை நோய் தந்து இறைவன் ஆட்கொண்ட சிறியேன் நானே என்று பணிவோடு சொன்னார். அப்பூதியடிகள் அவர் திருவடிகளில் விழுந்தார்.

அதன்பின் நடந்ததும் அடியார்கள் அறிந்ததே. விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. விருந்து தடைப்படக் கூடாதென்று பெற்றோர் பிள்ளையின் உடலை மறைத்தார்கள். சுவாமிகள் அதனை உணர்ந்து, திருக்கோயில் முன் பதிகம் பாடி அப்பிள்ளையை உயிர்ப்பித்தார்.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பாம்பு தீண்டியதையும் பிள்ளை எழுந்ததையும் விரிவாகச் சொல்வார்கள். ஆனால் தொடக்கத்தை மறந்துவிடலாகாது. தொடக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல். அப்பூதியடிகள் அதனைத் திருநாவுக்கரசர் ஒருவருக்காக அமைக்கவில்லை. அவர் வருவார் என்ற செய்தியும் அவரிடம் இல்லை. யார் யாரோ வந்தார்கள், குடித்தார்கள், போனார்கள். உழவர் குடித்திருப்பார், வணிகர் குடித்திருப்பார், பெயர் கேட்காத எத்தனையோ பேர் குடித்திருப்பார்கள். அவர்களுக்குள் ஒருவராக, எந்த அடையாளமும் காட்டாமல், அவர் ஆயுள் முழுதும் காத்திருந்த அடியாரும் வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் திறந்த வாசல் வழியாகத்தான் அவர் வந்தார். ஆள் பார்த்துத் திறக்கும் வாசலாக இருந்திருந்தால் அந்தப் பேறு திங்களூருக்குக் கிடைத்திருக்குமோ?

பொதிசோறு தந்த பெருமான்

இதே திருநாவுக்கரசு சுவாமிகளின் வாழ்வில் இன்னொரு நடை உண்டு. திருப்பைஞ்ஞீலி என்னும் தலத்தை நோக்கி அவர் நடந்து செல்கிறார். வழியில் பசியும் தாகமும் அவரை வருத்துகின்றன. ஆயினும் நடையை நிறுத்தவில்லை. அடியாரின் இளைப்பைப் பொறாத சிவபெருமான் அவர் செல்லும் வழியில் ஒரு குளத்தையும் சோலையையும் உண்டாக்கி, ஓர் அந்தணர் கோலத்தில், கையில் பொதிசோற்றோடு காத்திருந்தார். களைத்து வந்தவரை அழைத்து, இந்தச் சோற்றை உண்டு, குளத்து நீரைப் பருகி, இளைப்பாறிச் செல்லும் என்றார். சுவாமிகள் உண்டார். எங்கே செல்கிறீர் என்று கேட்ட அந்தணர், தாமும் அங்கேதான் செல்வதாகச் சொல்லிக் கூடவே நடந்தார். திருப்பைஞ்ஞீலியை அணுகியதும் அந்தணரைக் காணவில்லை. சோறு தந்தவர் யார் என்று அப்போதுதான் சுவாமிகளுக்கு விளங்கியது. நிலத்தில் விழுந்து கண்ணீர் பெருக்கினார்.

இரண்டு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். திங்களூரில் நடந்து வந்தவர் பெரியவர்; கொடுத்தவர் அவரை அறியவில்லை. திருப்பைஞ்ஞீலி வழியில் கொடுத்தவர் பெரியவர்; வாங்கியவர் அவரை அறியவில்லை. ஆகவே வழியில் எதிர்ப்படும் அந்நியர் யார் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தெரியாதபோது செய்யும் உபசாரமே உண்மையான உபசாரம். விருந்தினரைத் தெய்வமாகப் போற்றுக என்று உபநிடதம் உபதேசித்ததும், வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்ததும் இதனால்தான்.

கண்ணகி நடந்த வழி

இவை சோழநாட்டில் நடந்த வரலாறுகள். கண்டி நகரிலும் இதற்கொரு சாட்சி இருக்கிறது. ஸ்ரீ தலதா மாளிகைக்கு அருகில் பத்தினி தேவாலயம் உள்ளது. எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்னும் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. நிறைவாக வருவது பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று கையெடுத்து வணங்கும் அந்த அன்னை, தமிழர் போற்றும் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது.

அந்தக் கண்ணகி தெய்வமாவதற்கு முன் என்னவாக இருந்தாள்? வழிநடந்து களைத்த பெண்ணாக இருந்தாள். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வக்குடியில் பிறந்து, தரையில் அதிகம் நடந்தறியாதவள், கணவனோடு மதுரை வரை கால்நடையாகவே சென்றாள். பாதங்கள் நொந்தன. வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள். அவர் சமணத் துறவி. உறவினர் அல்லர். மதுரையின் புறஞ்சேரியை அடைந்தபோது அவர்களுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. அப்போது இயக்கி என்னும் தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி. கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தந்தார். மாதரி மறுக்கவில்லை. தன் மனையில் இடம் தந்தாள். புதிய கலங்களும் அரிசியும் காய்கறியும் தந்தாள். உதவிக்குத் தன் மகள் ஐயையையும் தந்தாள். கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்கு இட்ட கடைசி உணவு அந்த மாதரி தந்த அரிசிதான்.

கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று நெருப்பில் புகுந்து உயிர் நீத்தாள் மாதரி. நேற்றுவரை முகம் தெரியாதவளாக இருந்த ஒருத்திக்காக அவள் அவ்வளவு தூரம் உருகினாள். பெரஹராவில் பத்தினித் தெய்வத்தின் சின்னத்தை யானை சுமந்து வரும்போது கைகூப்பும் அடியார்கள், அந்தத் தெய்வம் ஒருநாள் மோர் விற்கும் ஓர் ஏழைப் பெண்ணின் வீட்டு விருந்தாளியாக இருந்தாள் என்பதையும் நினைத்துக் கொள்ள வேண்டும்.

அம்பலங்களும் நீர்க்குடங்களும்

கண்டி இராச்சியத்து மக்கள் வழிப்போக்கரை மதித்தவர்கள். அதற்குச் சான்று அம்பலங்கள். சிங்களத்தில் அம்பலம என்று வழங்கும் இந்த இளைப்பாறும் மண்டபங்கள் மலைப்பாதைகளின் ஓரத்திலும் வயல் வெளிகளிலும் கட்டப்பட்டன. கொழும்பு - கண்டி வீதியில் கடுகண்ணாவைக் கணவாய்க்கு அருகில் ஓர் அம்பலம் இன்றும் நிற்கிறது. முருகப்பெருமானைக் கதிர்காமத் தெய்வமாக வழிபடும் எம்பெக்கே தேவாலயத்துக்குச் செல்லும் அடியார்கள், அருகில் கற்றூண்கள் மட்டும் எஞ்சி நிற்கும் பழைய அம்பலத்தைப் பார்த்திருப்பார்கள். நடந்து வருவோருக்காகக் குடத்தில் நீர் நிரப்பி வைப்பதைப் புண்ணியமாகக் கருதிய சிங்களக் கிராமத்தார் அந்தக் குடத்தைப் 'பின் தாலிய', அதாவது புண்ணியக் குடம் என்றே அழைத்தார்கள். தமிழர் வாழும் இடங்களில் இதே தர்மம் தண்ணீர்ப் பந்தலாகவும், தெருமூடி மடமாகவும், தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல்லாகவும் விளங்கியது. மொழி வேறு, சமயம் வேறு. தாகம் ஒன்று, தர்மமும் ஒன்று.

தண்ணீர் கிடைக்காத நடை

இனி, சொல்லும்போதே நெஞ்சு கனக்கும் ஒரு நடையைச் சொல்ல வேண்டும்.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. காட்டை வெட்டவும் கோப்பி பறிக்கவும் தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் அழைத்து வரப்பட்டார்கள். இராமேசுவரம் முதலிய கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை கால்நடை. மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக அடர்ந்த காட்டுக்குள் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கங்காணி முன்னே செல்ல, பெண்கள் இடுப்பில் பிள்ளையோடும் தலையில் மூட்டையோடும் நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெல்லாம் அவர்களைக் கொன்றன. நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். அடக்கம் செய்யக்கூட ஆளின்றிக் கிடந்த உடல்கள் பல. வழியில் கிணறுகளும் கொட்டகைகளும் மருத்துவ உதவியும் வந்தது பிற்காலத்தில்தான். அதற்குள் எத்தனை உயிர்கள் போயின என்பதை எண்ணிக் கணக்கிட்டவர் இல்லை.

தப்பிப் பிழைத்தவர்கள் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து பல தோட்டங்களுக்கும் பிரிந்து போனார்கள். அந்த மாத்தளையில் ஒரு மரத்தடியில் மாரியம்மனை வைத்து வழிபட்டார்கள். கண்ணீரோடு வந்தவர்கள் முதலில் தேடியது ஒரு தாயை. அந்த மரத்தடி வழிபாடே பின்னர் 1874ஆம் ஆண்டு கோயிலாக எழுந்து, இன்று மாசிமகத்தில் ஐந்து தேர்கள் பவனி வரும் அருள்மிகு முத்துமாரியம்மன் தேவஸ்தானமாக விளங்குகிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் அக்கோயிலும் தீவைப்புக்குத் தப்பவில்லை. அந்த நாட்களில் தங்கள் உயிருக்கு வரும் ஆபத்தையும் பாராமல் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் இருந்தன என்பதும் மறக்கக் கூடாத உண்மை. தீ வைத்தவர்களும் அந்த நாட்டில்தான் இருந்தார்கள். கதவைத் திறந்தவர்களும் அந்த நாட்டில்தான் இருந்தார்கள். அன்னை எந்தக் கையில் இருந்தாள் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே வழியில் மீண்டும் ஒரு நடை

மலையக மக்களின் வரலாறு தொடங்கி 200 ஆண்டுகள் நிறைவானதை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. முன்னோர் நடந்த தடத்தைப் பின்பற்றி நாளொரு பகுதியாக நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் அது நிறைவுற்றது. மலையகத்து ஆண்களும் பெண்களும், அவர்களோடு வேறு மாவட்டத்தாரும் வேறு சமயத்தாரும் வேறு மொழியினரும் சேர்ந்து நடந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழியில் அவர்களை வரவேற்று உபசரித்தார்கள்.

முன்னோர் தாகத்தால் விழுந்த அதே வழியில் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடன்பட்டிருந்த ஒரு குவளை நீரை அந்தப் பாதை திருப்பித் தந்தது என்றே சொல்லலாம். நடந்தவர்கள் காணியுரிமையும் வீட்டுரிமையும் நியாயமான சம்பளமும் கேட்டே நடந்தார்கள்; அந்த உரிமைகளைத் தண்ணீர் ஒன்றே தந்துவிடாது. ஆனால் நீங்கள் எங்கள் மனிதர்கள் என்று அந்தக் குவளை சொல்லியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பலர் நாடற்றவராகவே வாழ நேர்ந்த ஒரு சமூகத்துக்கு அந்தச் சொல்லின் அருமை நன்றாகத் தெரியும்.

இன்று நம் வாசலைத் தாண்டும் பாதை

தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு இப்போது வருவோம்.

கண்டி ஹந்தானையில், 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. அதன் வாசலில் தொடங்கி நுவரெலியா வரை, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஒரு நடைபாதை 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பீக்கோ பாதை என்பது அதன் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை கொண்டு செல்ல வெட்டிய தோட்டப் பாதைகளையே பெரும்பாலும் இணைத்து இதனை அமைத்திருக்கிறார்கள். முதல் பகுதி ஹந்தானையிலிருந்து கலஹா வரை. அடுத்தது கலஹாவிலிருந்து, 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் தொடங்கிய லூல்கந்துர வரை. இப்படிப் பகுதி பகுதியாக, நாளுக்கு ஒன்றாக நடப்பார்கள். அந்தப் பாதை காட்டுக்குள் மட்டும் செல்லவில்லை. லயங்களின் முன்னாலும், கொழுந்து மடுவங்களின் ஓரமாகவும், தோட்டத்துக் கோயில்களின் வாசலாலும் செல்கிறது. நடப்பவர்களில் வெளிநாட்டவர் பலர். உள்நாட்டு இளைஞரும் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு நாளை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். காலையில் முதுகில் பெரிய பையோடு ஒரு வெளிநாட்டவர் வருகிறார். ஏறி வந்த மூச்சு வாங்குகிறது. காலில் அட்டை கடித்து இரத்தம் வழிகிறது. மழையும் பிடித்துக்கொள்கிறது. லயத்து ஆச்சி ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், நனையுறாரே. உள்ள வரச் சொல்லு. வந்து ஒக்காரட்டும்" என்கிறாள். இருக்கும் ஒரே கதிரையைத் துடைத்துப் போடுகிறார்கள். அட்டை கடித்த இடத்தில் தேய்க்க எலுமிச்சம்பழம் தருகிறார்கள். சீனியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கத் தேத்தண்ணி வருகிறது. அவர் பணம் எடுத்து நீட்டுகிறார். ஆச்சி கையை ஆட்டி மறுக்கிறாள். மலையகத்தில் இது கதையன்று. மாதக் கடைசியில் கடைக் கணக்கு ஏறிக் கிடக்கும் வீட்டிலும் வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றாமல் அனுப்ப மாட்டார்கள். இது அந்த மக்களின் பெரும் செல்வம்.

அதே நாள் மாலையில் அதே வாசலுக்கு இன்னொருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழிந்த சாரம், தாடி, கையில் ஒரு பை. வேறு தோட்டத்துக்காரரோ, வேலை தேடி அலைபவரோ, பிள்ளைகள் கைவிட்ட முதியவரோ தெரியாது. அவரும் நடந்துதான் வந்திருக்கிறார். அவருக்கும் மழை அதே மழைதான். அப்போது அந்தக் கதிரை வெளியே வருமா? அல்லது, "யாரு நீ? எந்தத் தோட்டம்? யார் வீட்டுக்கு வந்த?" என்ற கேள்விகள் முதலில் வருமா? கேள்விக்குப் பின்னால் சாதி எட்டிப் பார்க்குமா? தண்ணீர் கொடுக்கும்போது தனிக் குவளை தேடப்படுமா?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைத் தோலுக்குக் கதிரையும் கிழிந்த சாரத்துக்குக் கேள்வியும் என்றால், அது விருந்தோம்பல் ஆகாது. பழைய துரைமார் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை என்றே பொருள். காலையில் வந்தவருக்குக் கொடுத்தது தவறன்று, அது நன்றே. மாலையில் வந்தவருக்கு மறுத்தால் காலையில் கொடுத்ததன் புண்ணியமும் சேர்ந்து போய்விடும். திருப்பைஞ்ஞீலி வழியில் இறைவன் தம் கோலத்தை மறைத்துக்கொண்டே வந்தார் என்பதை நினைக்க வேண்டும். இந்தத் தடவை எந்தக் கோலத்தில் வருவார் என்பது யாருக்குத் தெரியும்?

நடந்து வருவோர் எல்லோரும் விரும்பி நடப்பவர்களும் அல்லர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீதிகள் உடைந்தன, ரயில் பாதைகளும் உடைந்தன. உயிரிழந்தோர் பலர். உயிர் தப்பியோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். கோயில்களும் விகாரைகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்குக் கூரையாயின. அன்று யாரும் யாரிடமும் குலம் கோத்திரம் கேட்கவில்லை. மண் சரியும் நாளில் மறந்துபோகும் வேற்றுமையை வெயில் காயும் நாளில் ஏன் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

அடியார்கள் செய்யத் தக்கவை

தர்மம் பெரிய செலவில் தொடங்க வேண்டியதில்லை. அப்பூதியடிகள் தண்ணீரில் தொடங்கினார். கோயில் வாசலில் மூடியிட்ட ஒரு மண்குடமும் இரண்டு குவளைகளும் போதும். பீலித் தண்ணீரை அப்படியே வைக்காமல், கொதிக்க வைத்து ஆறிய நீரை வைப்பது நலம். மழையில் வருவோர் ஒதுங்க மண்டபத்தின் ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கட்டும். பூசை நேரம் தவிர்ந்த வேளையிலும் ஒருவர் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்பதை மூன்று மொழியிலும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமையில்லை.

பாதையோரத்தில் கடை வைத்துத் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்பது பிழையா என்று சிலர் கேட்கலாம். பிழையன்று. உழைத்து நியாய விலைக்கு விற்பது நேர்மையான தொழில். அதனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாலு காசு வருமானால் அன்னை மகிழ்வாள். ஆனால் வியாபாரம் வேறு, விருந்து வேறு. கடைக்கு விலைப்பலகை இருக்கலாம். வீட்டு வாசலுக்கும் கோயில் குடத்துக்கும் விலைப்பலகை கூடாது. பிள்ளைகள் நடப்பவர்களின் பின்னால் ஓடி இனிப்பும் காசும் பேனையும் கேட்கும் பழக்கத்தைப் பெற்றோர் வளரவிடக் கூடாது. கையேந்தப் பழகிய பிள்ளைக்குக் கொடுக்கும் இன்பம் தெரியாமலே போய்விடும். வருகிறவரைப் பார்த்துக் கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்கினால் போதும்.

நடப்பவருக்கும் தர்மம் உண்டு. வறிய வீட்டில் வயிறு நிறைய எதிர்பார்ப்பது தர்மமன்று. கொழுந்து பறிக்கும் பெண்களை அவர்கள் அனுமதியின்றிப் படம் பிடிப்பது மரியாதையன்று. குடித்த போத்தலை மலையில் எறிந்துவிட்டுப் போவது நன்றியன்று. கதிர்காமத்துக்கும் சிவனொளிபாதமலைக்கும் நடந்து செல்லும் நம் அடியார்களும் இவற்றைக் கைக்கொள்ள வேண்டும். பிறர் வாசலில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, அதையே நம் வாசலுக்கு வருவோரும் கற்றுக்கொள்வார்கள்.

நிறைவாக

மாத்தளைக்கு நடந்து வந்த அந்தத் தாய்மாரின் வயிற்றில் பிறந்த பரம்பரை இது. அவர்களுக்கு வழியில் ஒரு வாய்த் தண்ணீர் தர ஆளில்லாமல் போன நாட்கள் இருந்தன. பட்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. எனக்கு யார் கொடுத்தார்கள், நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று வாசலைச் சாத்திக்கொள்வது ஒன்று. எனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகக் கூடாது என்று வாசலைத் திறந்து வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியே அன்னை காட்டும் வழி. தாகத்தின் கொடுமையை அறிந்தவர் வைக்கும் தண்ணீருக்குத் தனிச் சுவை உண்டு.

நாம் தரும் ஒவ்வொரு குவளையும், காட்டு வழியில் விழுந்து கிடந்த பெயர் தெரியாத முன்னோர் ஒருவரின் வாயை நனைப்பதாக நினைத்துக் கொடுக்கலாம். தர்ப்பணம் என்பது எள்ளும் நீரும் இறைப்பது மட்டுமன்று, இதுவும் தர்ப்பணமே. அவர்களுக்கு அன்று நாம் கொடுக்க முடியவில்லை. இன்று நம் வாசலைத் தாண்டி நடப்பவருக்குக் கொடுக்க முடியும்.

இவ்வாண்டுத் திருவிழாவில் அன்னை தேரேறித் தெருவழியே வரும்போது வாசல்தோறும் நிறைகுடம் வைப்போம். அன்னையும் அன்று ஊர்சுற்றி வரும் வழிநடையாளே. தேர் கோயிலுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் குடம் வாசலில் இருக்கட்டும். அடுத்து வருபவர் யார் என்பதை அவளே அறிவாள்.

ஓம் சக்தி.